கரைக்குரலின் விலை

முன்னொரு காலத்தில், மாதம் மும்மாரி பெய்ததோ இல்லையோ, நான்கு வருஷத்துக்கு ஒருமுறை பந்தாட்டம் மட்டும் தப்பாமல் நடந்த ஒரு நாடு இருந்தது. நடுவில் ஆறு, இந்தப் பக்கம் வடகரை, அந்தப் பக்கம் தென்கரை. இரண்டு கரை ஆட்டக்காரர்களும் களத்தில் இறங்கி, தேங்காய் நார் அடைத்துத் தைத்த தோல்பந்தைக் காலால் உதைத்துக்கொண்டு ஓடுவார்கள். ஆட்டம் நடக்கிற மாதத்தில், வடகரையில் பெண் எடுத்த தென்கரைக்காரன் மாமனார் வீட்டுப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டான்.

அந்த நாட்டு ராஜா கொண்டல்ராயருக்கும் பந்தாட்டம் என்றால் உயிர். அந்த வருஷம் அவருக்கு ஓர் ஆசை வந்தது. களத்தில் தாம் உட்காருவதற்குத் தந்தத்தூண் நிறுத்திய மண்டபம் வேண்டும் என்றார். மண்டபம் எழுந்தது, கஜானா இளைத்தது. இளைத்ததைக் கொழுக்க வைக்கப் பொக்கிஷ அதிகாரி அனந்தகிரி ஒரு வழி வைத்திருந்தார். அதுவரை வாசலில் ஒரு படி நெல் அளந்து கொட்டினால் யாரும் உள்ளே போகலாம். இனிமேல் ஓலைச்சீட்டு. முதல் சீட்டு ஒரு பொன். அதற்குப் பிறகு ஆள் கேட்கக் கேட்க விலை ஏறும்.

"பிரபு, ஒரு பொருளை நாடி வருவோர் பெருகினால் அதன் விலையும் பெருகுவதே நியாயம். அரசர் முதல் ஆண்டி வரை யாவருக்கும் இது பொது விதி என்றே சாசனம் எழுதிவிடலாம்" என்றார் அனந்தகிரி.

ராஜா தந்தத்தூணைத் தடவிக்கொண்டே முத்திரை வைத்துவிட்டார்.

ராஜாவின் விகடகவி பூவுலிங்கம் அப்போது பக்கத்தில்தான் நின்றான். தென்கரையில் பிறந்தவன், அரண்மனைக்கு வருமுன் தன் கரைக் கூட்டத்தில் தம்பட்டம் அடித்தவன். அனந்தகிரிக்கு அவனைக் கண்டாலே ஆகாது. அவர் வாயைத் திறந்தால் ராஜாவுக்குக் கொட்டாவி வரும். பூவுலிங்கம் தும்மினாலே சிரிப்பு வந்துவிடும். பாவம், எந்த அதிகாரிதான் பொறுப்பார்?

பறையறைந்து விலை சொன்ன அன்றே இரண்டு கரைக்காரர்களும் ஒன்றுகூடி அனந்தகிரியிடம் முறையிடப் போனார்கள். வடகரையும் தென்கரையும் ஒரே படகில் ஏறியது அதுதான் முதல் தடவை. விலை கொடுக்க முடியாதவர்கள் வீட்டிலிருந்தபடியே யார் ஜெயித்தது என்று விசாரித்துக்கொள்ளலாம் என்று அவர் சொல்லி அனுப்பிவிட்டார். திரும்பும் வழியில் கோட்டை வாசலில் பூவுலிங்கம் எதிர்ப்பட்டான். வடகரைக் கூட்டத்தின் தலைவி, மீன்காரி பேச்சித்தாய், அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஒனக்கென்னப்பா, அரமனைச் சோறு. ராசா காலடியில எடம் போட்டு வச்சிருப்பாவ. நாங்கதான் செவத்துக்கு வெளிய நின்னு மண்ணள்ளிப் போடணும்."

பூவுலிங்கத்துக்கு முகம் சுண்டிப்போனது. வெட்கமாக இருந்தது, அவ்வளவுதான்.

ஆட்ட நாள் வந்தது. களம் நிறைந்துதான் இருந்தது. மிராசுதார்கள், நகை வியாபாரிகள், அவர்களுடைய பட்டுத் தலையணைகள், தலையணைக்கு விசிறி வீச ஆட்கள். இரண்டு கரை ஜனமும் சீட்டு வாங்காமல் மதிலுக்கு வெளியே மருதமர நிழலில் தம்பட்டத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

நடுவர் பந்தைக் களத்தின் நடுவே வைத்துவிட்டு ஒதுங்கினார். இருபத்திரண்டு பேரும் நின்றார்கள். நின்றுகொண்டே இருந்தார்கள்.

அந்த ஆட்டத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. முதலில் வடகரை ஜனம் தம்பட்டம் அடித்துக் குரல் எழுப்ப வேண்டும். தென்கரை ஜனம் பதில் குரல் கொடுக்க வேண்டும். அதற்குக் கரைக்குரல் என்று பெயர். தன் கரையின் குரல் காதில் விழாமல் எந்த ஆட்டக்காரனும் பந்தைத் தொட மாட்டான். தாத்தா காலத்திலிருந்து அப்படித்தான். இந்தச் சங்கதி சாசனம் எழுதும்போது அனந்தகிரிக்கு நினைவில்லை. அவர் வாழ்நாளில் ஆட்டம் பார்த்ததே இல்லை; வாசலில் நெல் அளப்பதைத்தான் பார்த்திருந்தார்.

உள்ளே இருக்கிறவர்களையே கத்தச் சொல்லிப் பார்த்தார். மிராசுதார்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ஒரு வைர வியாபாரி எழுந்து, தொண்டையைச் செருமி, "ஆரம்பிக்கலாமே" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். ஒரு காக்கை வந்து பந்தின் மேல் அமர்ந்தது.

ராஜாவின் மீசை துடிப்பதைக் கண்ட அனந்தகிரி, பழியை இறக்கி வைக்க ஒரு முதுகைத் தேடினார். கிடைத்தது. வெளியில் இருக்கிறவர்களை வாய்மூடி இருக்கச் சொன்னது பூவுலிங்கம்தான் என்றும், கோட்டை வாசலில் அவர்களோடு அவன் பேசியதைத் தம் ஆள் பார்த்தான் என்றும் ராஜாவின் காதில் ஓதினார்.

"பூவுலிங்கம், ஒரு நாழிகைக்குள் கரைக்குரல் எழ வேண்டும். எமது சாசனம் ஓர் எழுத்தும் மீறப்படக் கூடாது. தவறினால் இன்றே நாட்டை விட்டுப் புறப்படு" என்றார் ராஜா.

"ஆணை, பிரபு. சாசனத்தின் ஒவ்வோர் எழுத்தும் காப்பாற்றப்படும்" என்று பூவுலிங்கம் வணங்கிவிட்டு வெளியே போனான்.

மருதமரத்தடியில் பேச்சித்தாயோடு உட்கார்ந்து கொஞ்சம் பேசினான். அவள் முதலில் முறைத்தாள். பிறகு அவள் தோள் குலுங்கியது. அவன் திரும்பி வந்து, கரைக்குரல் தயாராக இருப்பதாகவும், பொருளை விலைக்கு வாங்குவதில் தேர்ந்தவர் அனந்தகிரி என்பதால் அவரே போய் விலை கேட்பதுதான் முறை என்றும் பணிவாகச் சொன்னான்.

அனந்தகிரி போனார். அங்கே விலை கேட்க ஏற்கெனவே ஒரு வரிசை. தண்ணீர்ப் பந்தல்காரன், பல்லக்குத் தூக்கி எல்லாரும் அவருக்கு முன்னால் நின்றார்கள். அவர்களுக்குப் பின்னால் வெயிலில் நின்று, வியர்த்து, முன்னுக்கு வந்து விலை கேட்டார். ஆட்டம் பார்க்க உட்காரும் கிழக்கு மேடு முழுவதும் ஜனங்களுக்கு என்றாள் பேச்சித்தாய். அதிகாரிக்குப் பேரம் பேசாமல் தூக்கம் வராது. பாதி மேடு தரலாமா என்று ராஜாவைக் கேட்டுவிட்டு வருவதாக ஓடினார். அவர் போன கையோடு, தலையணையில் வெந்துகொண்டிருந்த மிராசுதார்கள் எப்போது கத்துவீர்கள் என்று கேட்டு ஆளுக்கு ஓர் ஏவலாளை அனுப்பினார்கள்.

அனந்தகிரி திரும்பி வந்தபோது பேச்சித்தாய் சாவகாசமாக வெற்றிலை மென்றுகொண்டிருந்தாள்.

"அய்யா போனதுக்கு அப்புறம் ஒம்பது பேரு வந்து கேட்டுட்டாவ. வெல ஏறிப்போச்சு. கெழக்கு மேடும் வேணும், மேக்க நெழலும் வேணும்."

"இது அநியாயம்" என்றார் அனந்தகிரி.

"நீங்க எழுதுனதுதான அய்யா. ராசாவுக்கும் ஆண்டிக்கும் பொதுன்னு தம்பட்டம் அடிச்சுச் சொன்னாவளே."

அவர் மூன்றாம் முறை வந்தபோது களம் முழுவதும் கேட்டாள். மண்டபத்தை மட்டும் போனால் போகட்டும் என்று விட்டுவைத்தாள். அனந்தகிரி தள்ளாடிக்கொண்டு போய் ராஜாவிடம் சொன்னார். ராஜாவுக்குப் பொறுமை போயிற்று. யாரும் வேண்டாம், யாமே போய்க் கேட்கிறோம் என்று எழுந்தார். பூவுலிங்கம் குறுக்கே விழுந்து காலைப் பிடித்தான்.

"பிரபு, மன்னிக்க வேண்டும். தாங்கள் மீண்டும் ஒருமுறை கேட்டால் விலை ஏறும். ஏறுவதற்கு மிச்சம் இருப்பது இந்த மண்டபம் ஒன்றுதான். அதன்பிறகு தாங்கள் மதிலுக்கு வெளியே நின்றுதான் ஆட்டத்தைக் கேட்க வேண்டியிருக்கும்."

ராஜா நின்றார். தந்தத்தூணைப் பார்த்தார். பந்தின் மேல் உட்கார்ந்திருந்த காக்கையைப் பார்த்தார். அனந்தகிரியின் வியர்த்த முகத்தைப் பார்த்ததும் அடக்க முடியாமல் சிரித்தார். மண்டபம் அதிரும்படி சிரித்தார்.

சாசனம் அங்கேயே கிழிபட்டது. ஒரு படி நெல் போதும், அன்றைக்கு அதுவும் வேண்டாம் என்று ராஜா உத்தரவிட்டார். வாசல் திறந்ததும் ஆற்றில் அணை உடைந்த மாதிரி ஜனம் உள்ளே பாய்ந்தது. பட்டுத் தலையணைக்கும் பட்டுத் தலையணைக்கும் நடுவே மீன்கூடைகள் உட்கார்ந்தன. வடகரை குரல் எழுப்பியது, தென்கரை பதில் கொடுத்தது, காக்கை எழுந்து பறந்தது, பந்து உருண்டது.

ராஜா தம் கையிலிருந்த பொற்கடகத்தைக் கழற்றிப் பூவுலிங்கத்துக்குப் பூட்டி, இனி எல்லா ஆட்டத்துக்கும் தமக்கு அருகிலேயே அவனுக்கு ஆசனம் என்றார்.

"தங்கள் கருணை, பிரபு. ஆனால் இங்கிருந்து கத்தினால் மரியாதையாக இருக்காது. அடியேன் மேட்டுக்குப் போக அனுமதி வேண்டும்."

ராஜா கையை அசைக்கும் முன்பே ஓடிவிட்டான். மேட்டில் இடமே இல்லை. பேச்சித்தாய் அவனைப் பார்த்து, கூடையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"வா, இப்படி ஒக்காரு. தென்கரைக்குக் கத்துனியோ, கூடையால போடுவேன்."

அவன் கத்தினான். அவளும் சொன்னபடி செய்தாள். தென்கரை மூன்றுக்கு ஒன்று என்று தோற்றது. அவனுக்கு அழுகையே வந்துவிட்டது.

மறுநாள் சபை கூடியது. விகடகவி ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். தொண்டை கட்டிப்போய் வெறும் காற்றுதான் வந்தது. சிங்காசனத்தில் ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். அவருக்கும் சத்தம் வரவில்லை.