கடைசி வாரத்துப் பக்கம்

ஆற்றங்கரையில் ஒரு சின்ன மடம். யானை, தேர் என்று ஆடம்பரம் எதுவும் கிடையாது. மாதப் பத்திரிகை ஒன்று மட்டும் உண்டு. அதில் புத்தக மதிப்புரை எழுதுகிறவர் அலர்மேலு என்ற சிஷ்யை. ஐம்பதைத் தாண்டியவர். அவர் பேனாவுக்குத் தப்பிப் பிழைத்த புத்தகங்கள் குறைவு.

அந்த மாதம் ஊரே கொண்டாடிய நாவல் ஒன்று வந்தது. அலர்மேலு அதை ஆசையோடுதான் எடுத்தார். எந்தப் புத்தகத்தையும் அவர் ஆசையில்லாமல் எடுத்ததில்லை, பாவம். படித்து முடித்த மறுநாள், எழுதிய தாளோடு குருவின் முன்னால் போய் உட்கார்ந்தார்.

“பூரி மாதிரி உப்பியிருக்கு சாமி. விரல் பட்டதும் காத்து போயிடுச்சு.”

குரு தாளை வாங்கிப் படித்தார். ‘இதைப் புகழ்கிறவர்கள் வாழ்நாளில் வேறு எதையும் படித்ததில்லை போலும்’ என்று மதிப்புரை முடிந்திருந்தது.

“சரியாத்தானே எழுதியிருக்கீங்க. அப்புறம் ஏன் முகம் வாடிக் கெடக்கு?”

“எல்லாருக்கும் பிடிச்சது எனக்கு மட்டும் ஏன் பிடிக்க மாட்டேங்குது? ஒவ்வொரு தடவையும் ஏங்கித்தான் திறக்கறேன். வெறுங்கையோடதான் வர்றேன். இதோட படிக்கறதையே விட்டுடலாம்னு இருக்கேன்.”

“எதுக்கு ஏங்கறீங்க?”

அலர்மேலு ஆற்றின் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னார்.

“சின்ன வயசுல, பக்கத்து வீட்டு டீச்சர் வாரப் பத்திரிகை வாங்குவாங்க. படிச்சதும் தொடர்கதைப் பக்கத்தை மட்டும் கிழிச்சு எங்கம்மாகிட்ட குடுப்பாங்க. அம்மா அதைச் சேர்த்துக் கோணி ஊசியால தைச்சு வைப்பாங்க. அம்மா எழுத்துக்கூட்டித்தான் படிப்பாங்க. வாழ்நாள்ல படிச்சது அந்த ஒரு கதைதான்.”

“என்ன கதை?”

“புருஷன் வருவான்னு ஒருத்தி ஸ்டேஷன்ல காத்திருக்கா. ரயில் நிக்குது. கதவு திறக்குது. தொடரும்னு போட்டுட்டான். அடுத்தது கடைசி வாரம். அதுக்குள்ள டீச்சருக்கு மாற்றலாகி ஊரைவிட்டே போயிட்டாங்க.”

“அப்புறம்?”

“மத்தியானம் சாப்பிட்டுட்டு நானும் அம்மாவும் படுத்துக்கிட்டு, ரயில்லேருந்து யார் இறங்கியிருப்பாங்கன்னு பேசுவோம். ஒருநாள் புருஷன். ஒருநாள் அவளோட அக்கா. ஒருநாள் யாருமே இல்ல. தெரியாமலேயே அம்மா போய்ச் சேர்ந்துட்டாங்க. அந்த மத்தியானம் மாதிரி ஒண்ணு எந்தப் புத்தகத்துலயும் இல்ல சாமி.”

குரு பத்திரிகையின் பெயரையும் ஆண்டையும் மட்டும் கேட்டுக்கொண்டார். பிறகு எழுந்து பரணில் ஏறிவிட்டார். பக்தர்கள் வீட்டைக் காலி செய்யும்போது கொண்டுவந்து தள்ளிய பழைய பத்திரிகைக் கட்டுகள் அங்கே கிடந்தன. புண்ணியத்துக்குப் புண்ணியம், இடத்துக்கு இடம்.

சாயங்காலம் தலையெல்லாம் ஒட்டடையோடு இறங்கி வந்தார். கையில் ஒரு பழுத்த இதழ். பக்கத்தைத் திறந்து நீட்டினார்.

அலர்மேலு வாங்கிப் படித்தார். கதை அரைப் பக்கம்தான். மீதி அரைப் பக்கம் கூந்தல் தைல விளம்பரம். ரயிலிலிருந்து புருஷன் இறங்கினான். கைகோத்து நடந்தார்கள். சுபம்.

“அவ்வளவுதானா?” என்றார் அலர்மேலு.

பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். அந்தப் பக்கம் சமையல் குறிப்பு.

“எப்படி இருக்கு?” என்று கேட்டார் குரு.

“மட்டம் சாமி. இப்பப் பார்த்தா மொத்தக் கதையுமே மட்டம்தான்.” இதழைக் கீழே வைத்தார். “ஆனா அம்மா இதைப் பார்த்திருந்தா சந்தோஷத்துல அழுதிருப்பாங்க. தெருவெல்லாம் போய்ச் சொல்லியிருப்பாங்க.”

குரு ஒட்டடையைத் தட்டிவிட்டுக்கொண்டார். காலையில் வாங்கி வைத்த மதிப்புரையை எடுத்து, அந்தப் பழைய பக்கத்தின் மேல் வைத்தார்.

“புதுசா எழுத வேண்டாம். இதையே அந்தக் கதைக்கும் வெச்சுக்கலாம். ஒரே ஒரு தடவை, உங்கம்மா எதிர்ல உட்கார்ந்திருக்கறதா நினைச்சு அவங்களுக்கு வாசிச்சுக் காட்டிடுங்க. கடைசி வரியை விட்டுடாதீங்க.”