அக்கரையில் நின்ற காது

பழைய குழாய் ஸ்பீக்கருக்கு விலை சொல்வதில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்பது பழம்பொருள் வியாபாரி சபாரத்தினத்தின் நினைப்பு. மைக்செட் சிந்தாமணி பழைய இரும்புக் கடையில் வாங்கிய ஒரு ஜோடிக்கு, உள்ளே அதிர்ந்து சத்தம் எழுப்பும் டயாப்ரம் தகட்டைப் புதிதாக மாட்டி வைத்திருக்கிறாள் என்று கேள்விப்பட்டு, குளக்கரையிலிருந்த அவள் கடைக்குக் காரில் வந்து இறங்கினார்.

"நான் குளத்துக்கு அக்கரையில போய் நிக்கிறேன். நீ பேசறது கேட்டா நீ சொல்ற விலை. கேக்கலைன்னா இரும்பு விலை. என் காதுதான் தராசு" என்றார்.

சிந்தாமணி தலையாட்டினாள். காரை அவள் கடை வாசலில் விட்டுவிட்டுக் கரைமேல் நடந்து போனார்.

"மைக் டெஸ்டிங், ஒன், டூ, த்ரீ."

அக்கரை மரத்திலிருந்த கொக்கெல்லாம் எழுந்து பறந்தது. மரத்தடியில் நின்ற சபாரத்தினம் மட்டும் காதருகே கையை வைத்துப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்கவில்லை என்று கையை விரித்தார்.

சிந்தாமணி சத்தத்தைக் கூட்டவில்லை. கொஞ்சம் குறைத்தே வைத்தாள்.

"ஐயா கார் மேல ஒரு ஆடு ஏறி நிக்குதுங்க."

சபாரத்தினம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கரைமேலேயே ஓடி வந்தார்.

"எங்க அந்த ஆடு?" என்றார் மூச்சிரைக்க. கார்மேல் ஒன்றுமே இல்லை.

"ஆடுங்களா?" என்றாள் சிந்தாமணி. "உங்களுக்கு யாருங்க சொன்னது?"