பீரோவுக்குள் பூட்டிய வைஃபை

மேலத்தெரு வைத்திலிங்கம் வைஃபை ரவுட்டரை இரும்பு பீரோவுக்குள் வைத்துப் பூட்டியிருந்தார். வெளியே வைத்தால் அக்கம்பக்கத்தார் நெட்டை உறிஞ்சிவிடுவார்களாம். மாடிக்கு நெட் எட்டவில்லை என்று மூன்று ரவுட்டர் மாற்றியும் பயனில்லை. கடைசியில் கேபிள் ஆபீஸில் வேலை பார்க்கும் கைக்குழந்தைக்காரி அமலோற்பவத்தை வரவழைத்தார். வேடிக்கை பார்க்கத் தெருவே கூடிவிட்டது.

"இந்தாம்மா, நீ பீரோவைத் தொறக்கக் கூடாது. ஆனா மாடியில நெட் பறக்கணும். தோதான ரவுட்டரா பொறுக்கிக் குடு. இல்லேன்னா உன் மொதலாளிகிட்ட சொல்லிருவேன், இன்னைக்கே உன் வேலை போச்சு!"

"சரிங்கய்யா. அதுக்கு முன்னாடி, பீரோவுக்குள்ளேருந்து சத்தம் மாடிக்குக் கேக்குதான்னு பாக்கணும். யாராவது உள்ள நின்னு கத்தணும். உங்களால முடியுங்களா?"

"என் குரலு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேக்குமே!"

வீறாப்பாக இடுப்புச் சாவியை எடுத்து, பீரோவை விரியத் திறந்து, ஒரு காலை உள்ளே வைத்தார். வாயைத் திறப்பதற்குள் மாடியிலிருந்து அவர் மனைவி கத்தினார்:

"என்னங்க! நெட் வந்திருச்சு! வீடியோ கால்ல பேத்தி முகம் பளிச்சுன்னு தெரியுது!"

தெரு கொல்லென்று சிரித்தது.

"இந்தப் பழைய ரவுட்டரையேதாங்கய்யா பொறுக்கியிருக்கேன்," என்றாள் அமலோற்பவம். "பீரோவைத் தொறந்தது நான் இல்லீங்க."

பீரோவுக்குள் வைத்த காலை எடுக்காமலே வைத்திலிங்கம் முனகினார்: "அப்ப இவனுங்க உறிஞ்சிட மாட்டானுங்களா?"

"பாஸ்வேர்டு போட்டுத் தரேங்கய்யா. நாளைக்கு வேலைக்கு வந்ததும் முதல் வேலை அதுதான்."