கூவாத சேவல்

மேகம் இறங்கி வந்து வாசலில் படுத்துக்கொள்ளும் ஒரு மலை மடம். அங்கே குருவாக இருந்தவள் அருளம்மை; எல்லோருக்கும் அவள் தாய். அவளுக்குச் சீடர் தணிகை. வயதில் அவளுக்கு அண்ணன் போல இருப்பார்.

மலையடியில் தனியாக வாழும் எழுபத்தொரு பேருக்கு மடத்திலிருந்து தினமும் காலை ஆறு மணிக்குப் போன் போகும். "மருந்து சாப்பிட்டாச்சா?" என்று தணிகையின் குரல் கேட்கும். பேசுவது கணினி. அதற்குள் கண்ணுக்குத் தெரியாமல் ஓடும் சின்னச் சின்ன நிரல்களை அந்தந்த நேரத்துக்கு எழுப்பிவிட அவர் ஒரு கருவி செய்திருந்தார். அதற்குச் சேவல் என்று பேர் வைத்திருந்தார்.

ஒரு வெள்ளிக்கிழமை கரண்ட் போய் வந்ததில் சேவல் எழவில்லை. போன் வராததால் வலிப்பு மாத்திரையை மறந்துபோன பொன்னுருவியம்மாள் அடுப்படியில் விழுந்தாள். பக்கத்து வீட்டார் பார்த்ததால் பிழைத்தாள்.

நாளை அவள் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்புகிறாள். தணிகைக்கு மூன்று நாளாகச் சோறு இறங்கவில்லை.

ஊற்றுநீர் மூங்கில் குழாய் வழியே கல்தொட்டியில் விழும் இடத்தில் தாய் கீரை அலசிக்கொண்டிருந்தாள்.

"தாயே, தப்பு நடந்தா எனக்குச் சேதி அனுப்புன்னு சேவலுக்குச் சொல்லி வச்சிருந்தேன். எழுந்திருக்காத சேவல் எப்படி அனுப்பும்? அதான் அதைப் பார்த்துக்க இன்னொரு சேவல் வச்சேன். அதைப் பார்த்துக்க இன்னொண்ணு."

"இப்ப எத்தனை?"

"ஒன்பது."

"கோழிப்பண்ணையே வச்சுட்டீங்க."

அவர் சிரிக்கவில்லை. "கடைசிச் சேவலை யார் எழுப்புறது தாயே?"

"உக்காருங்க. கண்ணை மூடுங்க."

உட்கார்ந்தார். தண்ணீர் விழுந்துகொண்டே இருந்தது. மேகம் காலில் ஏறி மடியில் உட்கார்ந்தது. மலையடி வீடுகளெல்லாம் ஆற்றில் விட்ட அகல் விளக்காக மிதந்து போயின. ஒவ்வொரு வீட்டிலும் யாரோ தம்ளரில் தண்ணீரை ஏந்திக்கொண்டு காத்திருந்தார்கள்.

திடுக்கிட்டுக் கண் திறந்தார்.

தாய் குழாயின் வாயை உள்ளங்கையால் பொத்திக்கொண்டிருந்தாள்.

"நான் கூப்பிடலையே. ஏன் முழிச்சீங்க?"

"தண்ணிச் சத்தம் நின்னுபோச்சு."

அவள் கையை எடுத்தாள். கீரையை அள்ளிக்கொண்டு போய்விட்டாள்.

அன்றே தணிகை எட்டுச் சேவல்களை அழித்தார். மிச்சமிருந்த ஒன்றுக்கு ஒரே ஒரு வேலை கூட்டினார். எல்லாப் போனும் போய் முடிந்ததும், ஆறேகாலுக்குச் சமையல்கட்டில் ஒரு மணி அடிக்க வேண்டும்.

"மணி அடிச்சா நான் என்ன செய்யணும் சாமி?" என்று கேட்டாள் சமைக்கிற வேலம்மா.

"ஒண்ணும் செய்ய வேணாம்மா."

"நல்ல மணி போங்க."

பத்தொன்பது நாள் மணி அடித்தது. யாரும் தலை நிமிரவில்லை.

இருபதாம் நாள், தேங்காய் துருவிக்கொண்டிருந்த வேலம்மாவின் கை நின்றது. "சாமி, இன்னிக்கு என்னமோ குறையுதே."

தணிகை ஓடினார். கணினி கறுத்துக் கிடந்தது. கைப்போனை எடுத்து முதலில் பொன்னுருவியம்மாளைக் கூப்பிட்டார்.

"மருந்து சாப்பிட்டாச்சா?"

"அட, மறந்தேபோயிட்டேன். இரு, தம்ளரை எடுத்துக்கறேன்." மடக் மடக்கென்று தண்ணீர் இறங்கும் சத்தம் கேட்டது. பிறகு அவள் கேட்டாள்: "என்ன, இன்னிக்கு மிஷினுக்கு மூச்சு வாங்குது?"

பத்தாவது போனை வைத்துவிட்டு நிமிர்ந்தபோது வாசற்படியில் தாய் நின்றிருந்தாள். ஏழு மணிவரை தியானத்தை விட்டு எழாதவள்.

"இன்னிக்குச் சேவல் கூவலை தாயே."

"தெரியும். அதுதானே என்னை எழுப்பிச்சு."