பத்து லஞ்சம் தேவை

ஊருக்கு ஊர் புத்திசாலிகள் இருக்கிறார்கள், அவர்களைப் பாராட்டிப் பேச ஆளும் இருக்கிறது. கீழக்கருவேலங்குளத்துக்காரர்களான எங்களுக்கு அந்தத் தொந்தரவு கிடையாது. எங்கள் ஊரில் இருப்பது லஞ்ச ஒழிப்பு மக்கள் மன்றம் ஒன்றுதான். மொத்தம் மூன்று பேர். அதில் செயலாளர் பிரம்மசக்தி பட்டா வாங்கிய கதையைத்தான் சொல்லப் போகிறேன். சிரிப்பு வந்தால் அடக்க வேண்டாம், நாங்களே சிரித்து முடித்த பிறகுதான் வெளியூருக்குச் சொல்கிறோம்.

பிரம்மசக்தி தையல்காரி. அவள் தைத்த ஜாக்கெட்டில் ஒரு குறை சொல்ல முடியாது. ஆனால் அச்சடித்த எழுத்து எதைக் கண்டாலும் அவளுக்கு அது சாமி வாக்கு. சோப்பு உறையில் 'ஈரமில்லாத இடத்தில் வைக்கவும்' என்று போட்டிருந்ததைப் படித்துவிட்டு, ஒரு மழைக்காலம் முழுக்கச் சோப்பை டிரங்குப் பெட்டிக்குள் பூட்டி வைத்து, வெறும் தண்ணீரில் குளித்தவள்.

அவள் வீடு நத்தம் தெருவில் கடைசி வீடு. மழை பெய்தால் ஓட்டுக்கூரை வழியாகத் தண்ணீர் நேராகத் தையல் மிஷின் மேலேயே இறங்கும். அரசாங்க வீட்டுத் திட்டத்தில் பெயர் சேர்த்தால் கான்கிரீட் வீடு கிடைக்கும். பெயர் சேர்க்கப் பட்டா வேண்டும். பட்டாவுக்காக மூன்று வருஷம் நடந்தாள். தாலுகா ஆபீஸில் அப்போது இருந்தவர்கள் ஐயாயிரம் கேட்டார்கள். அவளிடம் இல்லை. அந்த ஆத்திரத்தில்தான் மன்றத்தையே ஆரம்பித்தாள்.

தலைவராகப் பலவேசம் அண்ணாச்சியைப் போட்டாள். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். இரண்டு விசில் ஊதினால் கூட்டம் ஆரம்பம், ஒரு விசில் ஊதினால் பேசுகிறவர் பாதி வாக்கியத்திலேயே நின்றுவிட வேண்டும். பொருளாளர் மாசானம், மைக் செட் வாடகைக்கு விடுகிறவன். கூட்டம் நடப்பது அவன் கடையில்தான்.

லஞ்சத்தை எதிர்த்தும் அரசாங்கக் கணக்கு வழக்கு மக்களுக்குத் தெரிய வேண்டும் என்றும் குரல் கொடுக்கிற சின்னச் சின்ன அமைப்புகளுக்குச் சென்னையில் ஓர் அறக்கட்டளை நிதி கொடுக்கிறது என்று கேள்விப்பட்டு எழுதிப் போட்டார்கள். என்ன நேரமோ, கிடைத்துவிட்டது. அறக்கட்டளையிலிருந்து வித்யாதர் என்று ஒரு தம்பி வந்து மூன்று விஷயம் சொல்லிவிட்டுப் போனார்.

முதல் விஷயம், மன்றத்தில் பேசுவது எதுவும் மக்களுக்குத் தெரியாமல் இருக்கக் கூடாது. அவ்வளவுதான், மாசானம் தெருமுனை வேப்பமரத்தில் இரண்டு குழாய் ஸ்பீக்கரைக் கட்டி, கூட்டம் மொத்தத்தையும் ஊருக்கு ஒலிபரப்பினான். அன்றைக்குக் கூட்டம் ஆரம்பிக்கும் முன் பலவேசம் அண்ணாச்சி தன் மூலத் தொந்தரவைப் பற்றியும் மருமகள் வைக்கிற குழம்பைப் பற்றியும் கொஞ்சம் மனம் விட்டுப் பேசியிருந்தார். ஒரு வாரம் அவருக்கு வீட்டில் சோறு கிடையாது.

இரண்டாவது விஷயம், மன்றத்துச் செலவு ஒவ்வொன்றுக்கும் இரண்டு சாட்சி. டவுனுக்குப் போய் ஒரு ஜெராக்ஸ் எடுக்க வேண்டியிருந்தது.

"சக்தி போகட்டும். சாட்சிக்கு நாம ரெண்டு பேரும் போவோம்" என்றான் மாசானம்.

"நம்ம டிக்கெட்டும் மன்றத்துச் செலவுதானவே? அதுக்குச் சாட்சி யாரு?" என்று கேட்டார் அண்ணாச்சி.

நியாயம்தானே. மேலும் இரண்டு பேரைக் கூப்பிட்டார்கள். அவர்கள் டிக்கெட்டுக்கு இன்னும் இரண்டு பேர். இப்படியே போய் நத்தம் தெருவில் ஆள் தீர்ந்த பிறகுதான் நின்றது. ஒரு ஜெராக்ஸ் எடுக்கப் பத்தொன்பது பேர் பஸ் ஏறினார்கள். போன பிறகுதான், எடுக்க வேண்டிய காகிதம் வீட்டுக் கட்டிலில் கிடப்பது பிரம்மசக்திக்கு ஞாபகம் வந்தது.

மூன்றாவது விஷயம்தான் ஆளைக் கவிழ்த்தது. விண்ணப்பப் படிவத்தில் இரண்டு கட்டம் இருந்தது. 'திட்டத் தொடக்கத்தில் லஞ்சச் சம்பவங்கள் எத்தனை', 'திட்ட முடிவில் எத்தனை'. பிரம்மசக்தி முதல் கட்டத்தில் பத்து என்றும் இரண்டாவதில் பூஜ்யம் என்றும் அழகாக எழுதியிருந்தாள். நத்தம் தெருவில் பட்டா இல்லாத வீடு பத்து, அந்தக் கணக்கு.

"நல்ல இலக்கு. முதல்ல இந்தப் பத்தை நேர்ல பாத்து உறுதி செய்ங்க. மார்ச்சுக்குள்ள பூஜ்யம் ஆக்குங்க. எழுதினபடி நடக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனார் வித்யாதர்.

மூன்று பேரும் நோட்டும் பேனாவுமாகத் தாலுகா ஆபீஸ் வாசலில் உட்கார்ந்தார்கள். ஒரு வாரம் உட்கார்ந்தார்கள். நோட்டில் ஒரு வரி ஏறவில்லை. விசாரித்தால், பழைய கூட்டம் மொத்தமும் மாற்றலாகிப் போய்விட்டது. புதிதாக வந்திருந்த தாசில்தார் மெஹருன்னிசா மேடம் ஒரு பைசா தொடாதவர். ஜனங்கள் மனு கொடுத்தார்கள், சான்றிதழ் வாங்கினார்கள், வீட்டுக்குப் போனார்கள்.

"அநியாயமா இருக்கே" என்றார் அண்ணாச்சி.

அந்த நேரத்தில் உள்ளேயிருந்து பிரம்மசக்திக்கு அழைப்பு வந்தது. அவள் பட்டா மட்டுமல்ல, நத்தம் தெருப் பத்து வீட்டுப் பட்டாவும் தயார். மேடம் பதிவேட்டைத் திருப்பி வைத்து, "இதுல கையெழுத்துப் போட்டுட்டு எடுத்துக்கம்மா" என்றார்.

மேஜை மேல் பிரம்மசக்தி பெயர் எழுதிய காகிதம் கிடக்கிறது. தகப்பன் பெயர், சர்வே எண், எல்லாம் சரி. மூன்று வருஷ நடை அது. கையை நீட்டியவள் பாதியில் நிறுத்தினாள்.

"எவ்வளவு மேடம்?"

"ஒண்ணும் இல்லம்மா."

"சும்மா குடுக்க வேண்டாம் மேடம், கூச்சப்படாம சொல்லுங்க. பத்துல முதல் ஆள் நான்தான்."

"எதுல பத்து?"

பிரம்மசக்தி படிவத்தின் நகலை எடுத்துக் காட்டினாள். மேடம் இரண்டு தடவை படித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மூன்றாம் தடவை படித்தார். "கையெழுத்துப் போட்டுட்டுப் போம்மா" என்று மறுபடி சொன்னார். பிரம்மசக்தி போடவில்லை. வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்து அழுதாள். பட்டா மேல் அவ்வளவு ஆசை அவளுக்கு. ஆனால் எழுதிக் கொடுத்த எழுத்தை அவளே எப்படி மீறுவாள்?

"மன்றத்துச் செயலாளரே லஞ்சம் இல்லாம பட்டா வாங்கினா, அறக்கட்டளை முகத்துல எப்படி முழிக்கிறது?" என்று மாசானம் அவளைத் தேற்றினான்.

அவள் ஒருத்தி வாங்காமல் இருந்தால் போதாதே. மற்ற ஒன்பது வீட்டிலும் ஏறி இறங்கி, "யாரும் அவசரப்பட்டுப் பட்டா வாங்கிடாதீங்க, லஞ்சம் கேட்ட பிறகு வாங்கிக்கலாம்" என்று கேட்டுக்கொண்டார்கள். தெருவே தலையாட்டியது. நான் முதலிலேயே சொல்லவில்லையா, எங்கள் ஊரைப் பற்றி? அந்த ஒன்பது வீட்டில் ஒன்று என்னுடையது.

அப்புறம் மேடத்தை வழிக்குக் கொண்டுவரும் வேலை ஆரம்பித்தது. அண்ணாச்சி நேரில் போய், "நிறைய வேண்டாம் மேடம். ஆளுக்கு அஞ்சு ரூபா. மார்ச்ல நிறுத்திருங்க, நாங்களே போராடி நிறுத்தின மாதிரி இருக்கும்" என்று கெஞ்சினார். மேடம் பியூனைக் கூப்பிட்டு அவரை வெளியே விடச் சொன்னார். பியூனிடம் அண்ணாச்சி, "நீங்களாவது வாங்கக் கூடாதா?" என்று கேட்டுப் பார்த்தார்.

திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் குறைதீர்க்கும் நாள். மூன்று பேரும் வரிசையில் நின்று மனு கொடுத்தார்கள். 'எங்கள் தாசில்தார் லஞ்ச ஒழிப்புப் பணிக்கு ஒத்துழைக்க மறுக்கிறார். பலமுறை கேட்டும் லஞ்சம் வாங்கவில்லை. தக்க நடவடிக்கை எடுக்கவும்.' அதை வாங்கிய அதிகாரி படித்துப் பார்த்துவிட்டு, மனுவையும் கொண்டுவந்த மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார். கடைசியில் அதைச் சம்பந்தப்பட்ட தாசில்தாருக்கே அனுப்பி வைத்தார்.

அடுத்தது தகவல் அறியும் உரிமைச் சட்டம். 'லஞ்சம் வாங்காததற்கான காரணத்தைத் தேதிவாரியாகத் தெரிவிக்கவும்' என்று பிரம்மசக்தி முத்து முத்தான கையெழுத்தில் எழுதினாள். மனுவோடு பத்து ரூபாய் கட்ட வேண்டும் என்றதும் மாசானத்துக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

"அரசாங்கத்துக்கிட்ட பதில் வாங்க நாம காசு குடுக்கோம். அப்ப இது லஞ்சம் இல்லையா?"

"லஞ்சம்னா நல்லதுதானவே? ஒண்ணு எழுதிக்கிடலாமே" என்றார் அண்ணாச்சி.

"ரசீது தருவாங்க அண்ணாச்சி" என்றாள் பிரம்மசக்தி.

மூவரும் யோசித்தார்கள். ரசீது தருகிற லஞ்சத்தை யாரும் கேள்விப்பட்டதில்லை. அண்ணாச்சி ஒரு விசில் ஊதினார். அந்த முயற்சி அத்தோடு நின்றது.

இதற்குள் வீட்டுத் திட்டத்தில் பெயர் சேர்க்கக் கடைசி நாள் வெள்ளிக்கிழமை என்று அறிவிப்பு வந்துவிட்டது. பிரம்மசக்திக்குச் சோறு இறங்கவில்லை. வானம் வேறு கருத்துக்கொண்டு வந்தது. மிஷினைத் தார்ப்பாயால் மூடி வைத்துவிட்டு, அதன் மேலேயே தலையைச் சாய்த்துக் கிடந்தாள். அந்த வெள்ளி போனால் இன்னொரு பட்டியல் எப்போது வருமோ யாருக்குத் தெரியும்.

வியாழக்கிழமை காலை மேடமே ஜீப்பில் வந்து இறங்கினார். பத்துப் பட்டாவும் பதிவேடும் கையில் இருந்தன. கலெக்டர் ஆபீஸிலிருந்து திரும்பி வந்த மனுவும் இருந்தது.

"சரி. லஞ்சம் கேக்கறேன். நான் எது கேட்டாலும் குடுப்பீங்களா?"

தெருவில் கைதட்டல் எழுந்தது. மாசானம் ஓடிப்போய் மைக்கைப் போட்டான். அண்ணாச்சி இரண்டு விசில் ஊதினார்.

"எது கேட்டாலும் குடுக்கோம் மேடம்" என்றாள் பிரம்மசக்தி.

"எனக்கு உங்க ஒவ்வொருத்தர் கையெழுத்தும் வேணும். இந்தப் பதிவேட்டுல. அதைக் குடுத்தாத்தான் பட்டா."

மூன்று பேரும் ஓரமாக ஒதுங்கிப் பேசினார்கள். மைக்கை அணைக்கவில்லை, ஆகவே ஊரே கேட்டது.

"கையெழுத்து லஞ்சமாகுமா அண்ணாச்சி?"

"காசுதான் லஞ்சம்னு எங்க எழுதியிருக்கு? எனக்குத் தெரிஞ்ச ஒரு இன்ஸ்பெக்டரு கோழியா வாங்குவாரு."

"கோழியைத் திங்கலாம். கையெழுத்தை வச்சு மேடம் என்ன பண்ணுவாங்க?"

"அது அவங்க பாடு. அதிகாரி கேட்டாங்க. குடுத்தாத்தான் வேலை நடக்கும்னாங்க. வேற என்ன வேணும்?"

தீர்மானம் நிறைவேறியது. பிரம்மசக்தி முதல் ஆளாகக் கையெழுத்துப் போட்டாள். பின்னால் ஒன்பது பேர், நானும் உட்பட. நோட்டில் ஒன்று முதல் பத்து வரை ஏறியது. பட்டாவைக் கையில் வாங்கியதும் பிரம்மசக்தி அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள், மேடத்தின் கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அன்றைக்கு மத்தியானமே போய் வீட்டுத் திட்டத்தில் பெயரைக் கொடுத்தாள். வரும் வழியில் பட்டாவை நாலு இடத்தில் நின்று எடுத்துப் பார்த்தாள். அவ்வளவு சந்தோஷமாக அவளை யாரும் பார்த்ததில்லை.

சாயங்காலம் வித்யாதருக்குப் போன் போட்டு, பத்து உறுதியாகிவிட்டது என்றாள்.

"அருமை. இனிமே அந்தப் பத்தும் பூஜ்யம் ஆகணும், அதான் முக்கியம். மார்ச்சுல நான் வந்து பாப்பேன்" என்றார் அவர்.

பிரம்மசக்தி போனை வைத்துவிட்டு உட்கார்ந்தாள். அந்தப் பத்து எப்படிப் பூஜ்யம் ஆகும்? கொடுத்த லஞ்சம் கொடுத்தவரிடமே திரும்பி வந்தால்தான் ஆகும். அதாவது மேடம் கையெழுத்தைத் திருப்பித் தர வேண்டும், இவள் பட்டாவைத் திருப்பித் தர வேண்டும். பட்டாவை மடியில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் அழுதாள். ஆனாலும் எழுதினது எழுதினதுதான். மறுநாள் காலை தாலுகா ஆபீஸ் திறக்கும்போது வாசலில் நின்றாள், பின்னால் மன்றமும் எங்கள் தெருவும் நின்றன.

"மேடம், இந்தாங்க பட்டா. எங்க கையெழுத்தைத் திருப்பிக் குடுத்துருங்க."

மெஹருன்னிசா மேடம் கோபப்படவில்லை. நெற்றியை இரண்டு விரலால் அழுத்திக்கொண்டார்.

"பட்டாவைச் சும்மா திருப்பி வாங்க முடியாதும்மா. மனு போடணும். நான் மேல எழுதிக் கேக்கணும். பதில் வர ரெண்டு மூணு வருஷம் ஆகும். அது வரைக்கும் நீதான் அதைப் பத்திரமா வச்சிருக்கணும். அந்த இடத்துல வீடு கட்டினாலும் தப்பு இல்ல. போயி கட்டு."

மூன்று வருஷமா? மார்ச்சில் வித்யாதர் வந்துவிடுவாரே. பிரம்மசக்தி திரும்பி எங்கள் எல்லோரையும் ஒரு பார்வை பார்த்தாள். அறைக்கதவை மெல்லச் சாத்தினாள். மேஜைக்குப் பக்கத்தில் போய்க் குனிந்து, ஜாக்கெட்டுக்குள் செருகியிருந்த சுருக்குப்பையை எடுத்து அவிழ்த்தபடி, குரலைத் தாழ்த்தினாள்.

"மேடம், கொஞ்சம் மனசு வச்சுச் சீக்கிரமா முடிச்சுக் குடுங்க. உங்களுக்கு என்ன செய்யணுமோ, செஞ்சிருதோம்."