தாண்டிப் போன வாசல்

பகவான் மறைந்து முப்பது மழைக்காலம்கூட ஆகவில்லை. வைசாலிக்கு வடக்கே ஒரு மாந்தோப்பில் ஏழெட்டு பிக்குகள் தங்கியிருந்தார்கள். அவர்களில் இளையவன் உத்தியன். ஒருநாள் காலையில் குரு நந்திகர் முன்னால் வந்து உட்கார்ந்தான். முகத்தில் ஈயாடவில்லை.

"சுவாமி, பௌர்ணமியன்னிக்கு என் தப்பைச் சங்கத்துல சொன்னேன். எல்லாரும் மன்னிச்சுட்டாங்க. ஆனா வெட்கம் பிடுங்கித் தின்னுது."

அவன் செய்தது இதுதான். பிட்சைக்குப் போகும் பிக்கு வீடு பொறுக்கக் கூடாது. வரிசையாக ஒவ்வொரு வாசலிலும் நின்றுதான் போக வேண்டும். நெல் குத்திப் பிழைக்கும் சாமாவின் கஞ்சி எப்போதும் புளித்திருக்கும். அடுத்த வீட்டிலோ நெய்ச்சோறு. அந்தத் தெருவுக்குப் பிட்சைக்குப் போகிறவன் அவன் ஒருவன்தான். பன்னிரண்டு நாள் சாமாவின் வாசலைத் தாண்டிப் போய்விட்டான் மகானுபாவன்.

ஊர் சும்மா இருக்குமா? சங்கத்துக்குப் பெரிய கெடுதல் செய்தவர்கள் கையால்தான் பிக்குகள் பிட்சை வாங்க மாட்டார்கள். பாத்திரத்தைக் கவிழ்ப்பது என்று அதற்குப் பெயர். சாமா என்னவோ பண்ணியிருக்கிறாள் என்று தெருவே முடிவு கட்டிவிட்டது. குத்துவதற்கு ஒருவரும் அவளிடம் நெல் தரவில்லை. கிணற்றடியில் இந்தப் பேச்சு காதில் விழுந்த பிறகுதான் உத்தியனுக்கு உறைத்தது.

"நீ சங்கத்தையா தாண்டிப் போனே?" என்றார் நந்திகர்.

சொல்லிக்கொண்டே நந்திகர் மேலாடையைப் போர்த்திக்கொண்டார்.

"எழுந்திரு. நீ முன்னால நட."

வாசலில் அவனைக் கண்டதும் சாமா ஓடிவந்து காலில் விழுந்தாள்.

"நான் என்ன பாவம் பண்ணினேன் சாமி? யோசிச்சு யோசிச்சுப் பார்த்துட்டேன், தெரியலையே. சொல்லிடுங்க, எல்லார் கால்லயும் விழறேன்."

ஐயோ, அந்தக் கேள்வி! உத்தியன் திரும்பிக் குருவைப் பார்த்தான். குரு தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றார். வாசலுக்கு வாசல் ஆள் கூடியிருந்தது.

"நீ ஒண்ணும் பண்ணலைம்மா. உன் கஞ்சி புளிச்சுது. எனக்கு நெய்ச்சோத்து மேல ஆசை. அதான் தாண்டிப் போனேன்."

"கடைசி வீட்டுக்குக் கேக்கலை" என்றார் நந்திகர்.

உத்தியன் உரக்கச் சொன்னான். தெருவில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து எதிர்வீட்டுக்காரி ஒரு முறம் நெல்லைக் கொண்டுவந்து சாமாவின் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள்.

சாமா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"இவ்வளவுதானா சாமி? அன்னிக்கே சொல்லியிருந்தா, பழசை நான் குடிச்சுட்டு உங்களுக்குப் புதுசா காய்ச்சியிருப்பேனே."

தோப்புக்குத் திரும்பும் வழியெல்லாம் உத்தியன் அழுதுகொண்டே வந்தான்.

"போகலையே சுவாமி. இந்த வெட்கம் முன்னைவிட ஜாஸ்தியாயிடுச்சே."

நந்திகர் நின்று திரும்பிப் பார்த்தார்.

"அதைப் போக்கவா உன்னை அங்க கூட்டிட்டுப் போனேன்?"