ஏரிக்குள் முதல் மனை

சித்திரை வெயிலில் குடையோடு வந்த தாசில்தார் வரதராஜன், வறண்டு கிடந்த ஓடைக்குறிச்சி ஏரியைத் தரிசு என்று எழுதி, மனைகளாகப் பிரிக்கச் சொன்னார். ஏரி போனால் கீழே நானூறு ஏக்கர் நெல்லும் போகும்.

"இங்கே எந்தக் காலத்திலும் தண்ணி நின்னதில்லை. எனக்குத் தெரியாதா?" என்று ஊரைக் கூட்டி வைத்து அதட்டினார்.

மடை திறக்கும் உச்சிமாகாளி கும்பிட்டான். "படிச்சவங்க சொன்னா சரிதான் ஐயா. முதல் மனையை நீங்களே எடுத்துக்கிடுங்க. மடைக்கு முன்னால, நல்ல நடு இடம்."

"அறிவிருக்காடா? அது பள்ளம். ஐப்பசியில கழுத்தளவு தண்ணி நிக்கும். எனக்குக் கரையோரம் மேட்டுல ஒதுக்கு!"

ஊரே சிரித்தது. தாசில்தார் தரிசை அடித்துவிட்டு ஏரி என்று எழுதினார்.

உச்சிமாகாளி பணிவாகக் குனிந்து பார்த்தான். "கழுத்தளவுன்னும் சேத்து எழுதிருங்க ஐயா. எங்களுக்கு இடுப்பளவுதான் தெரியும்."